பக்கம் 63, அடிக்குறிப்பு 17

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் மேடம். தாளின் இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட்டு எழுதச் சொல்லுங்கள். ஏட்டையா ஓரத்திலிருந்தே ஆரம்பிக்கிறார். நாளைக்குக் கோப்பில் வைத்துத் தைக்கும்போது ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு எழுத்து உள்ளே போய்விடும். முப்பது வருடம் பிறத்தியார் ஆய்வேட்டைத் திருத்திய கண், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. டீ வேண்டாம், சர்க்கரை இருக்கிறது. தண்ணீர் போதும்.

என் பெயர் ஞா. கிருபாகரன். ஞா என்பது ஞானையா. என் அப்பா, நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். எனக்கு வயது ஐம்பத்தொன்பது. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவர். கல்லூரியின் பெயரை எழுத வேண்டாம், இந்த விஷயத்தில் அவர்களுக்குச் சம்பந்தமில்லை. வருகிற மே மாதம் ஓய்வு பெற வேண்டியவன்.

மேசைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறீர்களே, அந்தத் துண்டுச்சீட்டு என்னுடையதுதான். ராஜதுரை அண்ணாச்சியின் கருவாட்டுக் கிட்டங்கியில் கடல் அட்டை இருக்கிறதா என்று சோதனை போடப் போன இடத்தில், மேசை இழுப்பறையில் ஒரு புத்தகத்துக்குள் இருந்தது என்றீர்கள். ‘பக். 63, அடிக். 17. ஞா.கி., 24.1.2025.’ இதை நான் எழுதவில்லை என்று சொன்னால் சின்னப்பிள்ளைகூட நம்பாது. ஒரு பக்கத்தைச் சுட்டினால் யார் சுட்டியது, என்றைக்குச் சுட்டியது என்று எழுதாமல் எனக்குக் கை நிற்காது. வேறு யாராவதாக இருந்தால் தாளின் மூலையை மடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இன்றைக்கு நீங்களும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டிய தேவை வந்திருக்காது.

என் ஆய்வு மாணவி முருகேஸ்வரி இங்கே வந்து, சங்கு குளிக்கிற இஞ்ஞாசி செத்ததற்குத் தன் கட்டுரைதான் காரணம் என்று அழுதாளாம். நீங்களும் அதை எழுதி வாங்கி வைத்திருக்கிறீர்கள். அது பிழை. ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் பெயரில் போடுவதை நான் என் மாணவர்களிடம் பொறுத்துக்கொண்டதே இல்லை. அதைத் திருத்தத்தான் நீங்கள் கூப்பிட்டதும் மறு பேச்சுப் பேசாமல் வந்தேன்.

உங்களுக்குப் புரிகிறமாதிரி சொல்கிறேன். கரையோரத்துப் பாட்டு, சொல், தொழில் என்று ஆராய்ச்சி செய்கிறவனுக்குப் பார்த்து எழுதப் புத்தகம் கிடையாது. ஆட்கள்தான் புத்தகம். அவர்களைத் தகவலாளர் என்போம். யாரோ ஒரு கடற்கரைக்காரர் சொன்னார் என்று மொட்டையாக எழுதினால் அது ஊர்வம்பு. அவர் பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில், ஊர், சந்தித்த தேதி, இந்த ஆறும் இருந்தால் அது சான்று. ஆய்வேட்டின் பின்னால் தகவலாளர் பட்டியல் என்று ஒரு பின்னிணைப்பு உண்டு. தேர்வாளர்கள் பலபேர் அதை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு மார்க் போடுகிறவர்கள்.

என்னுடைய ஆய்வேடு முத்துக்குளிப்பு பற்றியது. தொண்ணூற்று நான்கில் முடித்தேன், பிறகு புத்தகமாக வந்தது. இந்தக் கரையில் முத்துக்குளிப்பைப் பற்றி இன்றைக்கு யார் எழுதினாலும் அதைத் தொடாமல் எழுத முடியாது. ஐந்து பதிப்பு. நான் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காதவன், வள்ளத்தில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும் என்பது வேறு விஷயம். அதில் நாற்பத்திரண்டு தகவலாளர்கள். பதினோரு பேரை நான் நேரில் பார்த்தேன். மீதி முப்பத்தொரு பேரைப் பார்க்க முடியவில்லை.

ஏட்டையா, ‘முடியவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். அந்த வருடம் நல்ல மழை, எனக்கு மஞ்சள்காமாலை, நெறியாளர் நாற்பது பேருக்குக் குறையக்கூடாது என்று சொல்லிவிட்டார். பதினோரு பேர் சொன்னதை வைத்தே மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாசரேத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து அவர்கள் சொல்லியிருக்கக் கூடியதை எழுதினேன். அவர்கள் வாயில் வராத எதையும் நான் எழுதவில்லை. முப்பது வருடமாக ஒருவரும் அதில் ஒரு குறை கண்டுபிடிக்கவில்லை என்பதே அதற்கு அத்தாட்சி.

முருகேஸ்வரி என்னிடம் ஆய்வுக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. ஆற்றங்கரைப் பக்கம், வயல்காட்டு ஊர். அப்பா இல்லை, அம்மா நாற்று நடப் போகிறவள். கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன், கெட்டிக்காரிகள் குறுக்குவழி பார்ப்பார்கள். இவள் சொன்னதை அப்படியே செய்கிறவள். எந்தச் சான்றையும் கண்ணால் பார்க்காமல் எடுத்தாளாதே, மூலத்தைத் தேடிப் போ என்று முதல் நாள் சொல்லிக்கொடுத்தேன். அவள் என் புத்தகத்தின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்பத்திரண்டு வீட்டையும் தேடிக் கரைக்குப் போய்விட்டாள். சந்தேகப்பட்டுப் போனாள் என்று நினைக்காதீர்கள். ஆட்கள் செத்திருந்தாலும் பிள்ளைகளைப் பார்த்து, அப்பா பாடின பாட்டு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கலாமே என்று போனாள். நான்தான் அப்படி வளர்த்திருந்தேன்.

அங்கே அவளுக்கு இஞ்ஞாசி கிடைத்தார். ஊரின் பெயரை இந்த வாக்குமூலத்தில் போட வேண்டாம், அந்த மக்களுக்குத் தொந்தரவு. புன்னைக்காயலுக்குத் தெற்கே என்று எழுதினால் போதும். இஞ்ஞாசி சங்கு குளிக்கிறவர். அவருடைய தகப்பனார் சந்தியாகு, கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் கடலுக்குள் இறங்கினவர். குளிக்கப் போன குடும்பம் எது, எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு யார் மாமன் மச்சான் என்பதெல்லாம் இஞ்ஞாசிக்கு விரல் நுனியில் இருந்தது. முருகேஸ்வரி பட்டியலை வாசிக்க வாசிக்க அவர் பதில் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து கொண்டுவந்து, என் அறையில், என் மேசைமேல் வைத்துப் போட்டுக் காட்டினாள்.

“தேவகனியா?” என்றது அந்தக் குரல். “ஏளா, எங்க ஊருல ஏது தேவகனி? நாங்க ஆர்.சி., அந்தோணி, சூசை, மிக்கேலுன்னு புனிதருங்க பேருதான் வைப்போம். இது நாசரேத்து, சாத்தான்குளத்து சி.எஸ்.ஐ.காரங்க பேருல்லா. வேதக்காரங்கன்னா எல்லாரும் ஒண்ணுன்னு நெனச்சிட்டாரா ஒங்க சாரு?”

பிறகு சந்தித்த தேதியைக் கேட்டார். முருகேஸ்வரி, ஆகஸ்ட் ஐந்து என்று வாசித்தாள்.

“ஆகஸ்டு அஞ்சா? அன்னைக்கு மாதா கோயில் திருநாளு. கரையில காக்கா குருவி இருக்காது, மொத்தச் சனமும் தூத்துக்குடியிலல்லா நிக்கும். ஒங்க சாரு காத்துகூடயா பேசிட்டு வந்தாரு?”

பிறகு சிரித்தார். பதினோரு வினாடி சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தது கேட்டது. நான் மாடியில் உட்கார்ந்து எழுதியபோது, பெயர் எங்கிருந்தாவது வர வேண்டுமே, தேவகனி என்பது எங்கள் பக்கத்து வீட்டில் கடிகாரம் பழுதுபார்த்தவர் பெயர். நல்ல மனிதர். அவர் பெயரைக் கேட்டு ஒரு கூட்டம் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முருகேஸ்வரி எதிரில் நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “தேடிப் பார்த்தது நல்லது” என்றுதான் சொன்னேன்.

“முப்பத்தோரு பேரு கிடைக்கல சார்” என்றாள். “ஊரு மாறிப் போயிருப்பாங்களோ என்னமோ. நான் அடிக்குறிப்புல, தேடியும் கிடைக்கலன்னு மட்டும் போட்டுக்கிடுதேன். நீங்கதான சார் சொல்லிக்கொடுத்தீங்க, கிடைக்கலன்னா கிடைக்கலன்னு எழுதணும்னு.”

நான் ஆமாம் என்றேன்.

அவள் எழுந்து போகும்போது ஒன்று சொன்னாள். இஞ்ஞாசி, அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு வருவாராம். அது எல்லாருக்கும் முன்னால் நடக்கிற தேர்வு மேடம், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வெளியூர்த் தேர்வாளர், துறைத் தலைவர்கள், கல்லூரி முதல்வர், பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். “நானும் வந்து நிக்கேன், அந்தத் தேவகனி யாருன்னு ஒங்க சார்ட்டயே கேக்கேன்னு சொல்லிச் சிரிக்காரு சார்” என்றாள். அவளுக்கும் சிரிப்புத்தான். என்னோடு பேசப் பெரியவர் ஆசைப்படுகிறார் என்கிற சந்தோஷம் அவளுக்கு.

அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. என் மனைவி இறந்து ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. எனக்கு இருப்பது அந்தப் புத்தகம் ஒன்றுதான். அதன் முதுகில் என் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை ஒரு சங்குகுளிக்காரர் நூறு பேர் முன்னால் சந்தி சிரிக்க வைக்கப் போகிறார், அதுவும் நான் கற்றுக்கொடுத்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு. இதில் யார் யாருக்குக் கெடுதல் செய்தது என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முருகேஸ்வரியின் ஐந்தாம் இயலை அதற்குப் பிறகுதான் கவனமாகப் படித்தேன். இன்றைய குளிப்புத் தொழில் பற்றியது. அதில் மூன்று பக்கம் கடல் அட்டை. பிடிக்கக்கூடாது என்று அரசு தடைபோட்ட பிராணி, பிடித்து இலங்கைக்குக் கடத்துகிறார்கள் என்பது என்னை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எந்த உப்பளத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு அவிக்கிறார்கள், எந்தத் துறையிலிருந்து ஏற்றுகிறார்கள், மாட்டேன் என்று சொன்ன குளிகாரர்களை எப்படிப் படிய வைக்கிறார்கள் என்று எல்லாம் இருந்தது. அடிக்குறிப்பில் ‘தகவலாளர் 17, பெயர் மாற்றப்பட்டது’ என்று போட்டிருந்தாள். உண்மையில் பெயரே போடவில்லை. யார் என்று கேட்டேன். இஞ்ஞாசி என்றாள். அட்டை வாங்குகிற வியாபாரி யார் என்று கேட்டேன். ராஜதுரை அண்ணாச்சி என்று இஞ்ஞாசி சொன்னதையும் சொன்னாள். என்னிடம் அவள் எதையும் மறைத்ததில்லை.

பெயரில்லாத சான்று சான்றல்ல என்றேன்.

“சார், வேண்டாம் சார்” என்றாள். “அவரு என்னை நம்பிச் சொன்னாரு. தெரிஞ்சா அவர உசுரோட விட மாட்டாங்க.”

இந்த வார்த்தையை நான் நன்றாகக் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். கேட்டுவிட்டு, அவளை உட்காரச் சொல்லி, அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினேன். கடற்கரைக்காரர்கள் சொன்னதை எல்லாம் படித்தவர்கள் எழுதிப் பட்டம் வாங்குகிறார்கள், சொன்னவன் பெயர் எங்கேயும் வருவதில்லை, இது திருட்டு இல்லையா என்று கேட்டேன். உன் அம்மா நட்ட நெல்லை இன்னொருத்தி தான் நட்டதாகச் சொன்னால் நீ சும்மா இருப்பாயா என்று கேட்டேன். இஞ்ஞாசி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்றேன். பாட்டுக்கு மட்டும் போட்டிருக்கிறார் என்றாள். படிவத்தில் பாட்டுக்கு மட்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அது நான் தயாரித்த படிவம்.

அவளுக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கட்டுரை அச்சில் வந்திருக்க வேண்டும். அவளுக்கு ஒன்றுதான் வந்திருந்தது. கடைசி நீட்டிப்பும் மார்ச்சோடு முடிகிறது. ஜனவரியில் எங்கள் துறை நடத்தும் கருத்தரங்கத் தொகுப்பில் அந்த மூன்று பக்கத்தைக் கட்டுரையாக்கிப் போடுகிறேன், அடிக்குறிப்பு முறையாக இருந்தால் மட்டும், என்றேன். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, என் அறையிலேயே என் கணினியிலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ‘இஞ்ஞாசி, த/பெ. சந்தியாகு, வயது 53, சங்கு குளிப்பவர்’, பிறகு ஊர், பிறகு தேதி. தகப்பனார் பெயருக்குப் பிறகு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, சொல்லித் திருத்தினேன்.

ராஜதுரையின் பெயரையும் அவள் எழுதியிருந்தாள். அதை நீக்கச் சொன்னேன். வழக்குப் போட்டால் துறை தாங்காது. ஒருவர்மேல் குற்றம் சொல்வதற்கு ஒரே ஒரு வாய்மொழிச் சான்று போதாது என்பது ஆராய்ச்சி நெறியும்கூட. ‘நகரின் முன்னணிக் கருவாட்டு வியாபாரி ஒருவர்’ என்று மாற்றினோம்.

“இந்தப் புத்தகம் யாரு கைக்கெல்லாம் போகும் சார்?” என்று கேட்டாள்.

நூலகத்துக்குப் போகும், அங்கே கரையான்தான் முழுதும் படிக்கும் என்றேன். அவள் சிரித்தாள். பாவம், நிம்மதியாகத்தான் போனாள்.

எங்கள் கருத்தரங்குகள் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொகுப்பை ஒரு பெரிய மனிதர் வெளியிடுவார், ஊரில் நாலு காசு உள்ள ஒருவர் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வார். அச்சுச் செலவு அவர் தலையில். வழக்கமாக ஜவுளிக்கடைக்காரர்களைக் கூப்பிடுவோம். இந்தத் தடவை நான் ராஜதுரை அண்ணாச்சியின் கிட்டங்கிக்கு நேரில் போனேன். அவர் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார்.

“நமக்கு இதெல்லாம் என்ன வெளங்கும் வாத்தியாரய்யா? நாலாங்கிளாஸோட நின்னவன். மேடையில ஏத்தி நிப்பாட்டுதேங்கீய, ஆசையாத்தான் இருக்கு. வாரேன்” என்றார்.

வந்தார். வெள்ளைவேட்டி, விரலில் மூன்று மோதிரம். பொன்னாடை போர்த்தினோம். முதல் பிரதியை வாங்கி, புகைப்படக்காரருக்குத் தெரிகிறமாதிரி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். முருகேஸ்வரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் பெயரை நான் ஒலிபெருக்கியில் வாசித்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். எழுந்திருக்கப் பார்த்தாள், திரும்ப உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் ஓடிவந்தாள். அழைப்பு அனுப்பியது முதல்வர் அலுவலகம், எனக்கே மேடையில்தான் தெரியும் என்று சொன்னேன். அது பொய்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

முதல் பிரதிக்குள் சீட்டை வைத்தது கூட்டம் தொடங்குவதற்கு முன்னால். அண்ணாச்சி தானாகப் புரட்டிப் பார்க்கிற ஆள் இல்லை என்பதால் வழியனுப்பக் கார் வரைக்கும் போனேன். “அறுபத்து மூன்றாம் பக்கத்தை யாராவது படித்த பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் தொழிலைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறது” என்று சொன்னேன். அவ்வளவுதான் நான் பேசியது. யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஒரு வாசகருக்கு ஒரு பக்கத்தைக் காட்டினேன்.

பதினோரு நாள் கழித்து இஞ்ஞாசி சங்கு குளிக்கப் போனார். வழக்கமாக அவர் போகிற வள்ளம் இல்லை, வேறு வள்ளத்தில் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அடியில் இருக்கிறவனுக்கு மேலே வள்ளத்தில் இருக்கிற இயந்திரத்திலிருந்து குழாய் வழியாகத்தான் காற்றுப் போகும். இதை நான் முருகேஸ்வரியின் கட்டுரையில்தான் படித்தேன், அதுவும் இஞ்ஞாசி சொன்னதுதான், அடிக்குறிப்பு ஒன்பது. குழாய் கழன்றுவிட்டது என்று கரையில் சொன்னார்கள். அது தானாகக் கழலவில்லை என்று வள்ளத்தில் இருந்தவன் உங்களிடம் சொல்லியிருப்பதாக நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்றால், ஊகித்திருந்தது உறுதியானது.

எட்டாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். ஓட்டுவீடு, முன்னால் வலை உலர்த்தியிருந்தது. அவர் மனைவி செபஸ்தியம்மா அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுரை வெளிவந்தால் தகவலாளருக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்பது நெறி. பலபேர் செய்வதில்லை, நான் தவறியதில்லை. கொண்டுபோயிருந்த பிரதியைக் கொடுத்தேன். அவர் பேரு எங்க சார் இருக்கு என்று கேட்டாள். அறுபத்து மூன்றாம் பக்கத்தை விரித்துக் காட்டினேன். விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். மாமனார் பெயரும் இருக்கிறது என்று பார்த்ததும் மறுபடி அழுதாள்.

“கடலோட போன மனுசன் பேர அச்சுல ஏத்தி வச்சிருக்கிய சார். நீங்க நல்லா இருக்கணும்” என்றாள். புத்தகத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கடுங்காப்பி கொடுத்தாள், சர்க்கரை இருக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை, குடித்தேன்.

முருகேஸ்வரி அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. மார்ச்சில் அவள் பதிவை ரத்து செய்யும்படி பல்கலைக்கழகத்துக்கு நான்தான் பரிந்துரைத்தேன். காரணம் ஒன்று எழுத வேண்டும். தகவலாளரின் பாதுகாப்பை உறுதிசெய்யத் தவறியது என்று எழுதினேன். கட்டுரையில் அவள் பெயர் மட்டும்தான் இருக்கிறது, என் பெயர் இல்லை, ஆகவே விதிப்படி பொறுப்பு அவளுடையது. இப்போது அம்மாவோடு நாற்று நடப் போகிறாள் என்று கேள்வி. அந்த முப்பத்தொரு பேர் பற்றிய அடிக்குறிப்பும் அவளோடு போயிற்று. கைபேசிப் பதிவை அழித்துவிடச் சொன்னேன், அவள் அழிக்கவில்லை என்பது அவளை நீங்கள் விசாரித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான்கு வருடத்தில் அவள் நான் சொன்னதைச் செய்யாதது அந்த ஒரு தடவைதான்.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னதற்கு நன்றி மேடம். ஏட்டையாவின் கையெழுத்து பரவாயில்லை. ‘அவர் கொல்லப்படுவார் என்று தெரிந்தே’ என்று நீங்கள் சேர்த்தது சரிதான், இருக்கட்டும். ‘வேண்டுமென்றே’ என்பதும் இருக்கட்டும். முருகேஸ்வரிக்கு இதில் பங்கில்லை என்பதைத் தனிப் பத்தியாகப் போட்டது நல்லது.

ஆனால் மூன்றாம் தாளில் ஏழாவது வரி. ‘தன் ஆய்வேட்டில் இல்லாத ஆட்களின் பெயரில் பொய்ச் சான்று கொடுத்திருந்தது வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி.’ இந்த வரியை அடித்துவிடுங்கள். பார்க்க முடியாதவர்கள் என்றுதான் நான் சொன்னேன், இல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. தேவகனி என்று ஒருவர் அந்தக் கரையில் இருந்திருந்தால் நான் எழுதியதைத்தான் சொல்லியிருப்பார், ஒரு சொல் கூடவோ குறையவோ சொல்லியிருக்க மாட்டார்.

அந்த வரி இல்லாவிட்டால் கொலைக்குக் காரணம் நிற்காது என்கிறீர்கள். அப்படியானால் காரணத்துக்கு வேறு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். அட்டை வியாபாரத்தில் எனக்குப் பங்கு இருந்தது என்று எழுதுங்கள். முன்பகை என்று எழுதுங்கள். அதற்கு இரண்டு சாட்சி வேண்டுமென்றால் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர் எல்லாம் போட்டு இப்போதே இங்கேயே எழுதித் தருகிறேன். இஞ்ஞாசியைக் கொன்றது நான்தான் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள், எத்தனை தாள் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். பொய் எழுதினவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது மேடம்.